வகுப்புக்கு வெளியே ஒரு மணி நேரம்



தில்லி கரோல்பாக்கிலோ, மும்பை மாதுங்காவிலோ, நாக்பூரிலோ, ஜாம்ஷெட்பூரிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனக்கண்ணால் பாருங்கள். மாலை மணி ஐந்து. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பையன், பள்ளி மைதானத்தில் கைப்பந்துப் பயிற்சி இருக்கிறது, போய் வருகிறேன் என்கிறான். தனிப்பயிற்சி வகுப்புக்கு நேரமாகிவிட்டதே என்கிறார் தகப்பனார். உள்ளே தங்கை பாட்டு வகுப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறாள். “பந்தும் பாட்டும் நாளைக்குக் கல்லூரியில் இடம் வாங்கித் தருமா?” என்று கேட்கிறார் தகப்பனார்.

இக்கேள்வியைப் பழமைப் பேச்சு என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஊரைவிட்டு வந்து உத்தியோகத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு நிலமில்லை. அண்டையில் உறவினர் இல்லை. வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தெரிந்தவர் இல்லை. பிள்ளைகளின் படிப்பு ஒன்றே சொத்து. அந்தச் சொத்திலிருந்து நாள்தோறும் ஒரு மணி நேரத்தை எடுத்து வேறொன்றுக்குக் கொடுப்பதென்றால், அதனால் விளையும் பயன் என்ன என்று தகப்பனார் கேட்பது நியாயமே. ஆகவே, அக்கேள்விக்கு மழுப்பாமல் விடை காண இவ்வுரையில் முயல்வோம்.

முதற்கண் பழைய செய்தி ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். விடுதலைக்குப் பின், நாட்டின் இடைநிலைக் கல்வியை ஆராய 1952ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர், அந்நாளில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் இலட்சுமணசுவாமி முதலியார் அவர்கள். 1953இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, விளையாட்டு, சாரணர் இயக்கம், நாடகம், சொற்பொழிவு மன்றம் ஆகியவை கல்வியின் ஓரத்தில் ஒட்டவைத்த அலங்காரம் அல்ல, கல்வியின் உள்ளுறுப்பே ஆகும் என்னும் கொள்கையை வலியுறுத்தியது. ஒரே ஒரு இறுதித் தேர்வைக் கொண்டு மாணாக்கரை அளந்துவிடலாகாது. ஆண்டு முழுவதும் அவர் செய்த பணிகளைக் குறித்துவரும் தொடர்பதிவேடு ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, கைத்தொழில் அனுபவத்திற்கும் சமூகத் தொண்டிற்கும் பள்ளியில் இடம் கேட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, பாடத்திற்கும் பாடத்திற்கு அப்பாற்பட்ட பணிக்கும் நடுவே கடுமையான மதில்சுவர் இருத்தலாகாது என்று எழுதிவைத்திருக்கிறது.

கொள்கை இவ்வாறு இருக்க, கல்லூரி வாயிலில் நடப்பது என்ன? வாயில்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. மூன்று வகையாக அவற்றைப் பகுத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதல் வகை, எண்ணை மட்டுமே பார்க்கும் வாயில். பொறியியலுக்கான ஜே.இ.இ. தேர்வும், மருத்துவத்திற்கான நீட் தேர்வும் இவ்வகையைச் சார்ந்தவை. மத்தியப் பல்கலைக் கழகங்களுக்காக 2022ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்ற ‘க்யூட்’ என்னும் பொது நுழைவுத் தேர்வும் பொதுவாக அப்படியே. இங்கே பொது இடங்களுக்கு வரிசை கட்டும்போது, பந்தாட்டத்திற்கு ஒரு மதிப்பெண்ணும் கூடாது. பாட்டுக்கு அரை மதிப்பெண்ணும் கிடைக்காது. இதை மறைத்துப் பேசுவது பெற்றோருக்குச் செய்யும் தீங்காகும். மேடையில் வாங்கிய வெற்றிக்கோப்பைகள் எத்தனையாயினும், அவை தேர்வுக் கூடத்தில் விடை எழுதித் தரமாட்டா.

இரண்டாம் வகை, கலைக்கும் விளையாட்டுக்கும் சில இடங்களைத் தனியே ஒதுக்கி வைக்கும் வாயில். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு தில்லிப் பல்கலைக் கழகம். முன்னாளில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டும், 2022 முதல் க்யூட் தேர்வைக் கொண்டும் அங்கு இளநிலை வகுப்புகளுக்கு மாணாக்கரைச் சேர்த்து வருகிறார்கள். ஆயினும் வழக்கமான இடங்களுக்கு மேற்பட்ட மிகை இடங்களாக, விளையாட்டு, பிற கலைப்பணிகள் ஆகிய இரண்டிற்கும் சேர்த்து நூற்றுக்கு 5 என்ற அளவுக்கு மிகாமல் கல்லூரிகள் இடம் வைத்திருக்கின்றன. நடனம், வாய்ப்பாட்டு, கருவி இசை, நாடகம், ஓவியம், சொற்போர், வினாடி வினா, படைப்பெழுத்து, யோகம் எனப் பல துறைகள் அப்பட்டியலில் உண்டு. தேசிய மாணவர் படையும் நாட்டு நலப்பணித் திட்டமும்கூட அதில் அடங்கும்.

இவ்விடங்களை நாடுவோரும் க்யூட் தேர்வை எழுதியே ஆகவேண்டும். அதனோடு, அண்மை ஆண்டுகளில் பெற்ற சான்றிதழ்களும், நேரில் நடக்கும் திறன் தேர்வும் சேர்த்து எடைபோடப் பெறுகின்றன. கலைத்துறை இடங்களில் இத்திறனுக்கே பெரும்பங்கு. பாட்டுக்கு விண்ணப்பித்த பெண், நடுவர் முன் அமர்ந்து பாடிக் காட்டவேண்டும். சான்றிதழ் கட்டுக்கட்டாக இருந்தும் சுருதி சேராவிட்டால், அக்கட்டினால் பயனில்லை. தேசிய மாணவர் படையிலும் நாட்டு நலப்பணியிலும் மட்டும் சான்றிதழே அடிப்படை.

இந்திய தொழில்நுட்பக் கழகங்களிலும் இவ்வகை வாயில் அண்மையில் திறக்கத் தொடங்கியிருக்கிறது. சென்னைக் கழகம் 2024ஆம் ஆண்டில் விளையாட்டில் சிறந்தோருக்கென ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் 2 மிகை இடங்களை ஏற்படுத்தியது. அவற்றுள் ஒன்று பெண்களுக்கு மட்டும் உரியது. 2025ஆம் ஆண்டில் நுண்கலை, பண்பாட்டுத் துறைகளில் சிறந்தோருக்கும், அறிவியல் ஒலிம்பியாட் போட்டிகளில் சிறந்தோருக்கும் தனித்தனி வழிகளை வகுத்தது. ஒன்றைக் கருத வேண்டும். விளையாட்டு வழியில் வருபவரும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறித் தரவரிசையில் இடம் பெற்றிருக்கவேண்டும். அதன் மேல் தேசிய அளவிலோ உலக அளவிலோ பதக்கமும் வேண்டும். ஆகவே இது படிப்புக்குப் பதிலாக வைத்த குறுக்கு வழி அன்று. படிப்போடு மற்றொன்றையும் சுமந்தவருக்கு வைத்த வாயில்.

ஒலிம்பியாட் என்ற சொல்லைக் கேட்டவுடன் பெற்றோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். உலகக் கணித ஒலிம்பியாட்டில் இந்தியா 1989 முதல் பங்கு பெற்று வருகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் முதலியவற்றிற்கான தேசியத் தேர்வுப் படிகளை மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்துகிறது. அவை படிப்படியாக வடிகட்டிச் சிலரையே தேர்ந்தெடுப்பவை. இப்பெயரையே சூட்டிக்கொண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு, எழுதிய வகுப்பில் பாதிப்பேருக்குப் பதக்கம் வழங்கும் தேர்வுகளும் உண்டு. பிள்ளைக்குப் பயிற்சி என்ற அளவில் அவற்றால் தீங்கில்லை. பல்கலைக் கழக வாயிலில் அப்பதக்கத்திற்கு மதிப்புண்டு என்று எண்ணிப் பணத்தைக் கொட்டுவதுதான் தவறு. எந்தப் போட்டியானாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நடத்துவது யார்? அடுத்த படிக்குச் செல்லத் தேர்வு உண்டா? நாம் நாடும் பல்கலைக் கழகத்தின் தகவல் கையேட்டில் அதன் பெயர் இருக்கிறதா? மூன்றாம் கேள்விக்கு விடை ‘இல்லை’ என்றால், அது பொழுதுபோக்கு, முதலீடு அன்று.

மூன்றாம் வகை, ஆளை நேரில் கண்டு அறிய விரும்பும் வாயில். தனியார் பல்கலைக் கழகங்கள் சில கட்டுரையும் நேர்முகமும் வைக்கின்றன. இந்தோரிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகம் 2011இல் தொடங்கிய ஐந்தாண்டுப் படிப்புக்கு எழுத்துத் தேர்வுக்குப் பின் நேர்முகம் உண்டு. அகமதாபாத்தில் 1961இல் நிறுவப்பெற்ற தேசிய வடிவமைப்புக் கழகம், கையால் செய்தும் வரைந்தும் காட்டும் திறனைச் சோதிக்கிறது. வெளிநாடு செல்ல எண்ணுவோருக்கு இவ்வாயிலே பெருவாயில். அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்றுக்கொள்ளும் பொது விண்ணப்பத்தில், பள்ளிப் பணிகளைக் குறிக்க 10 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துக் குறிகளே இடம். இங்கிலாந்தின் விண்ணப்பமோ, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மூன்று வினாக்களாக மாற்றப் பெற்றது; படிப்புக்கு வெளியே இத்துறைக்காக நீ என்ன செய்தாய், அதனால் என்ன பயன் என்பது அவற்றுள் ஒன்று.

இத்தகைய இடங்களில் அமர்ந்திருப்போர் எதைத் தேடுகிறார்கள்? பெற்றோர் பலர், பட்டியல் நீளமாக இருந்தால் நல்லது என்று எண்ணுகிறார்கள். ஓராண்டு சதுரங்கம், ஓராண்டு கராத்தே, ஓராண்டு கித்தார் என்று பிள்ளையை ஓட்டுகிறார்கள். கேட்பவர் எண்ணிக்கையைக் கண்டு மயங்குவதில்லை. எத்தனை ஆண்டு தொடர்ந்து செய்தாய், அதில் உன் கை வேலை எது, நீ வந்த பின்பு அங்கே என்ன மாறியது என்றே கேட்கிறார்கள். பள்ளி நூலகத்தில் மூன்றாண்டு உதவி செய்து, கிழிந்த நூல்களை ஒட்டி, புதிதாக ஒரு பட்டியல் எழுதிய மாணவி, பத்துப் பதக்கம் வாங்கிய பையனைவிடத் தெளிவாக அக்கேள்விக்கு விடை சொல்லுவாள். அவள் செய்த வேலை அவளுடையது. எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் பதில் இருக்கும்.

இனி, பிற மாநிலத்தில் வாழும் நம்மவருக்கே உரிய சில செய்திகளைச் சொல்ல வேண்டும்.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தியோ வங்காளியோ மராத்தியோ, பள்ளியில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்கிறார்கள். இட மாற்றம் வந்தால் மூன்றில் ஒன்று மாறிவிடுகிறது. வகுப்பறையில் வாய் மூடி உட்கார்ந்திருக்கும் பிள்ளை, மைதானத்தில் வாய் மூடி இருக்க முடியாது. பந்தைக் கேட்டு வாங்கவேண்டும் அல்லவா? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் திருச்சியிலிருந்து நாக்பூருக்கு மாற்றலாகி வந்தது. எட்டாம் வகுப்பிலிருந்த பெண்ணுக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. மாதக்கணக்கில் ஒருவரோடும் பேசாதிருந்தாள். சாரணியர் அணியில் சேர்ந்தபின், முகாமில் அடுப்பு மூட்டும் வேலையும் காய்கறி வாங்கிவரும் வேலையும் அவள் பங்குக்கு வந்தன. கடைக்காரரோடு பேரம் பேசிப் பேசியே மொழி வந்தது. நான்காண்டுக்குப் பின் ஒரு நேர்முகத்தில், நீ கற்றவற்றுள் கடினமானது எது என்று கேட்டார்களாம். அவள் கணிதத்தையும் சொல்லவில்லை, இயற்பியலையும் சொல்லவில்லை. அந்தச் சந்தைக் கடையைச் சொன்னாள். இடம் கிடைத்தது. சந்தைக் கடையினால் மட்டுமே கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. கேட்டபோது சொல்வதற்கு அவளிடம் சொந்தமாக ஒன்று இருந்தது என்கிறேன்.

இரண்டாவதாக, நம் ஊர்க் கலைகள் இங்கே அரிய பொருள்கள். கருநாடக இசையும் பரதநாட்டியமும் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. வடக்கே அவற்றைப் பயின்ற பிள்ளை பள்ளியிலேயே தனித்துத் தெரிவாள். 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமும், 1950இல் தோன்றிய பெங்களூருத் தமிழ்ச் சங்கமும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகளும், மும்பையில் 1932 முதல் இயங்கிவரும் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் நம் முன்னோர் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த மேடைகள். பொங்கல் விழாவில் மேடையேறுவதற்குப் பல்கலைக் கழகம் மதிப்பெண் தராது. ஆனால் நடுவர் முன் நடுங்காமல் நிற்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது. அதற்கு மேற்படியாக, 10 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கலைப்பயிற்சி உதவித்தொகை வழங்கும் பண்பாட்டு வள மற்றும் பயிற்சி மையத்தின் திட்டம் இருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்பினருக்கு, 2015 முதல் மத்தியக் கல்வி அமைச்சகம் நடத்தும் ‘கலா உத்சவ்’ போட்டி இருக்கிறது. இவற்றைப் பற்றிப் பள்ளியில் கேட்டால் அன்றி ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது செய்தியைச் சற்று வருத்தத்தோடு சொல்கிறேன். என் வீட்டில் நடந்தது அது. என் மகன் வேறொரு மாநிலத்தில் படித்த நாளில், பள்ளிகளுக்கிடையிலான மாநிலக் கைப்பந்துப் போட்டியில் ஆடிச் சான்றிதழ் பெற்றிருந்தான். அதில் நம் வழக்கப்படி பெயருக்கு முன் தலையெழுத்து ஒன்று மட்டும் இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலோ, வடநாட்டு வழக்கப்படி என் பெயர் முழுவதும் அவன் பெயருக்குப் பின்னே குடும்பப் பெயர் போல் ஏறியிருந்தது. ஒரு கல்லூரியில் விளையாட்டு இடத்திற்காகச் சான்றிதழ் சரிபார்க்கச் சென்றபோது, இரண்டும் ஒருவர்தாமா என்று கேட்டார்கள். கேட்டது முறையே. பழைய பள்ளியிலிருந்து கடிதம் வரவழைக்க ஓடினோம். கடிதம் வந்தது, குறித்த நாள் போன பிறகு வந்தது. ஆறாண்டு காலம் அதிகாலையில் எழுந்து ஆடிய ஆட்டம், ஒரு தலையெழுத்தினால் கணக்கில் வராமல் போயிற்று. அவன் பிறகு மதிப்பெண் கொண்டு வேறொரு படிப்பில் சேர்ந்தான். என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. அதனால்தான் இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

ஆகையால், எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையின் பெயர் எப்படி எழுதப்படும் என்பதை முடிவு செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு, போட்டிச் சான்றிதழ் அனைத்திலும் அதே எழுத்து, அதே வரிசை இருக்கட்டும். மாற்றலாகும்போது, பள்ளி மாற்றுச் சான்றிதழோடு, பிள்ளை பங்குபெற்ற பணிகளைக் குறிக்கும் கடிதம் ஒன்றையும் தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழில் நடத்திய அமைப்பின் பெயர், போட்டியின் அளவு, நாள், முத்திரை ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று வாங்கிய அன்றே பாருங்கள். மற்றொன்று: பள்ளி விளையாட்டில் பிள்ளை எந்த மாநிலத்தில் படிக்கிறானோ அந்த மாநிலத்தின் அணியிலேதான் ஆடுவான். பத்தாம், பதினோராம் வகுப்புகளில் மாற்றல் வந்தால் அந்தச் சங்கிலி அறுபடும். குடும்பத்தைச் சிறிது காலம் ஓரிடத்தில் நிறுத்தி வைக்க இயலுமா என்பதை அப்போது படிப்போடு இதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை நாடுவோர், வெளி மாநிலத்தில் படித்த பிள்ளைக்குப் பிறப்பிடச் சான்று வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுதல் நலம்.

எந்த வகுப்பில் எவ்வளவு என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை, பிள்ளை பலவற்றைத் தொட்டுப் பார்க்கட்டும், பிடிக்காததை விட்டுவிடட்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒன்றை, மிஞ்சினால் இரண்டைத் தேர்ந்து நிலைபெறட்டும். தேசிய மாணவர் படையில் இளையோர் பிரிவின் ‘ஏ’ சான்றிதழுக்கு இரண்டாண்டுப் பயிற்சி வேண்டுமாதலால், அதற்கும் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளே தக்க காலம். பதினொன்றில் பொறுப்பு ஏற்கும் பருவம்: அணித்தலைமை, மன்றச் செயலர் பதவி, சிறுவருக்குக் கற்பித்தல். பன்னிரண்டில் புதிதாக எதையும் தொடங்கவேண்டாம்; இருப்பதை வாரத்துக்குச் சில மணி நேரமாகச் சுருக்கிக் காத்துக்கொண்டால் போதும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வு எழுத நூற்றுக்கு 75 வருகை வேண்டும். தேசிய அளவில் ஆடச் செல்வோருக்குச் சலுகை உண்டு எனினும், அதைப் பள்ளி மூலம் முறைப்படி கேட்டுப் பெறவேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆதலின் பக்கத்து வீட்டார் சொல்லை நம்பாமல், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்தே முடிவு செய்யுங்கள்.

இப்போது அந்த மாலை ஐந்து மணிக்குத் திரும்புவோம். பந்து இடம் வாங்கித் தருமா என்று கேட்ட தகப்பனாருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: பெரும்பாலான வாயில்களில் வாங்கித் தராது, சில வாயில்களில் படிப்போடு சேர்ந்தால் தரும், இன்னும் சிலவற்றில், பிள்ளை இன்னார் என்று காட்ட அதுவே சாட்சியாக நிற்கும். அது எந்த வாயிலிலும் உதவாது போனாலுங்கூட, புதிய ஊரில் ஒரு மொழியும் நான்கு நண்பர்களும் தோற்றபின் எழுந்து நிற்கும் பழக்கமும் பிள்ளையோடு வரும். ஊரைவிட்டு ஊர் வந்து வாழ்வோருக்கு அவை எவ்வளவு வேண்டியவை என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

பையன் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வரட்டும். ஆறரைக்குப் புத்தகத்தின் முன் உட்காரட்டும். அவன் வாங்கிவரும் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை மட்டும் நாம் ஏற்றுக்கொள்வோம்.